மூன்றாம் வீட்டு மழை

பாதிக் கூட்டம் வரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹால். கீழே யாருக்கோ நிச்சயதார்த்தம். சாம்பார் வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. திரையில், என் சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த கலங்கரை விளக்கமும் அதன் அடியில் வரிசையாக நின்ற மூன்று வீடுகளும் தெரிந்தன. பக்கத்து நாற்காலியில் அம்மா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தாள். மேடையில் நின்ற ஆர்க்கிடெக்ட் மூன்றாம் வீட்டு மொட்டை மாடியின் ஒரு மூலையைச் சிவப்பு விளக்கால் காட்டி, “இது யாரோ ஒரு முட்டாள் பண்ணின வேலை” என்றான்.

அந்த முட்டாள் என் அப்பா.

அந்த ஆர்க்கிடெக்ட் கீழ்க்கட்டளைக்காரன். என்னிடம் படித்துப் போன பிள்ளைகளின் வயசுதான் இருக்கும், அதனால் அவன் இவன் என்றே எழுதுகிறேன். அனகாபுத்தூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவருக்கு அவன் தூரத்துச் சொந்தம். கடற்கரையில் பாழாகக் கிடந்த அந்த விளக்குக் குடியிருப்பைப் பழையபடி புதுப்பித்து, அருங்காட்சியகம் ஆக்கும் வேலை அவன் கையில் இருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தேடி, செம்பாக்கத்தில் ஏரிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். அம்மாவைப் பார்த்ததும் காலைத் தொட்டுக் கும்பிட்டான். “நீங்கதாம்மா கடைசி லிங்க்” என்றான். அம்மாவுக்கு அது என்னவென்று புரியவில்லை, இருந்தாலும் காபி கொடுத்தாள்.

அவனுக்கு அம்மாவிடம் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. முதல் வீட்டின் பின்கட்டில், தரைக்கு அடியில் ஒரு பெரிய மழைநீர்த் தொட்டி உண்டு. திறப்பு விழாவன்று அம்மா அந்தத் தொட்டி மூடியைத் திறந்து, கயிறு விட்டு ஒரு குடம் தண்ணீர் இறைக்க வேண்டும். அதை வீடியோ எடுத்து, வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஓடவிடப் போகிறார்களாம். “அந்தக் காலத்து லைஃபை மக்கள் ஃபீல் பண்ணணும்மா” என்றான்.

“மொதல்ல எங்க வூட்டு போட்டோவக் காட்டு தம்பி. அப்பால சொல்றேன்” என்றாள் அம்மா. தாம்பரத்தில் நடக்கப்போகும் கூட்டத்தில் எல்லாப் படங்களையும் போட்டுக் காட்டப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அப்படித்தான் நாங்கள் அந்த ஹாலுக்குப் போனோம்.

போகிற வழியில் ஆட்டோவில் அம்மா என்னிடம், “பின்னால போட்ட ஓட்ட இன்னும் கீதான்னு பாக்கணும்டி” என்றாள். அவள் போனது அதற்கு மட்டும்தான். எந்த ஓட்டை, அதில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த வீடுகள் கட்டப்பட்ட விதத்தைச் சொல்ல வேண்டும்.

கட்டடம் அழகுதான், அதை நான் மறுக்கவில்லை. கோபத்தில் அழகில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். கருங்கல்லை வெட்டி அடுக்கிய உருண்டைக் கோபுரம், மேலே போகப்போக இளைத்துக்கொண்டே போகும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நகம் நுழையாது. உள்ளே சுவரிலிருந்தே நீட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஏறும் கல் படிகள். உச்சியில் இரும்புப் பூவேலை செய்த பால்கனி, அதற்குள் ஒரு ஆள் நிற்கிற உயரத்துக்குக் கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய விளக்கு. அப்பாவும் மற்ற இரண்டு கீப்பர்களும் முறை போட்டு அதைக் காவல் காத்தார்கள். கீழே மூன்று வீடுகளும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றன, உப்புக்காற்று நேராக வாசலில் அடிக்கக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு வீட்டிலும் படுக்கிற அறைக்குக் கோபுரத்தைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். முறை இல்லாத கீப்பரும் படுத்தபடியே விளக்கு சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் வெளிச்சம் முகத்தில் அடித்தால்தான் தூங்குவோம், நின்றால் விழித்துக்கொள்வோம். செம்பாக்கத்துக்கு வந்த புதிதில் அப்பா இருட்டில் தூங்க முடியாமல் தவித்தார்.

அந்த வரிசையில் தராதரமும் இருந்தது. முதல் வீடு ஹெட் கீப்பருக்கு. தூண் வைத்த வராந்தா, இரண்டு அறை, பின்கட்டு. இரண்டாம் வீட்டுக்குச் சின்ன வராந்தா. மூன்றாம் வீட்டுக்கு, அதாவது எங்களுக்கு, ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, ஏறி இறங்க ஒரு கல். ஆனால் மழை விஷயத்தில் மட்டும் அதைக் கட்டிய வெள்ளைக்காரன் பாகுபாடு பார்க்கவில்லை. மூன்று மொட்டை மாடியும் பின்பக்கம் சரிந்திருக்கும். மூன்றிலிருந்தும் தண்ணீர் ஒரே குழாயில் விழுந்து, பின்சுவரை ஒட்டி ஓடி, முதல் வீட்டுப் பின்கட்டுத் தொட்டியில் சேரும். கிணற்றுத் தண்ணீர் அங்கே வெறும் உப்பு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதனால் மூன்று குடும்பமும் வருஷம் முழுக்கக் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் நம்பியிருந்தன.

நாங்கள் போனபோது இருந்த ஹெட் கீப்பர் தெற்கத்திக்காரர். அவருக்கு விளக்கு, சீட்டாட்டம், மதியத் தூக்கம் தவிர உலகத்தில் எதுவும் முக்கியமில்லை. அவர் இருந்தவரை அம்மா தானே மூடியைத் திறந்து, தானே கயிறு விட்டு, தானே இறைத்துக்கொண்டு வந்தாள். பிறகு அவருக்கு மாற்றலாகி வேறொருவர் வந்தார். வந்த அன்றே அப்பாவைக் கூப்பிட்டுச் சொந்த ஊர் எது என்று கேட்டார். தாம்பரத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கிராமத்தின் பேரை அப்பா சொன்னார். “ஊர் சரிப்பா, எந்தத் தெரு?” என்று அடுத்த கேள்வி வந்தது.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாதவர்கள் இந்த ஊரில் இல்லை. இன்றைக்கும் வீடு வாடகைக்குக் கேட்டால் சுற்றிவளைத்து இதைத்தான் கேட்கிறார்கள். அப்பா பொய் சொல்லியிருக்கலாம், அந்தக் கடலோரத்தில் யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள். ஆனால் அவர் உண்மையைச் சொன்னார். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், ஊருக்கு வெளியே இருக்கிற தெரு.

அடுத்த நாளிலிருந்து அம்மா தொட்டியைத் தொடக்கூடாது. முதல் வீட்டுப் பின்வாசலுக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு நிற்க வேண்டும். ஹெட் கீப்பரின் மனைவி இறைத்து, குடத்தில் இடிக்காமல், உயரத்திலிருந்து ஊற்றுவார். பாதி குடத்தில் விழும், பாதி அம்மாவின் காலில் விழும். அந்த அம்மாள் வீட்டுக்குத் தூரமாக இருக்கிற நாட்களில் ஊற்றுவதற்கு ஆளில்லை. அந்த நாட்களில் நாங்கள் உப்புத் தண்ணீர்க் கஞ்சி குடித்தோம், அல்லது அம்மா மணலில் நடந்து மீன்காரக் குப்பத்துக்குப் போய்க் குடத்தைத் தூக்கி வந்தாள். எங்கள் தலைக்கு மேல் பெய்த மழையும் அந்தத் தொட்டியில்தான் இருந்தது. அதையே பிச்சை வாங்குவதுபோல வாங்கினோம்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மழைக்காலம் நெருங்கியபோது ஹெட் கீப்பர் அப்பாவிடம், “உங்க மாடியில கருவாடு காயப்போடறீங்க, தொட்டித் தண்ணி நாறுது” என்றார். இரண்டாம் வீட்டு மாடியிலும் நெத்திலி காய்ந்துகொண்டுதான் இருந்தது. அந்த நெத்திலிக்கு நாற்றம் கிடையாது போலிருக்கிறது. அம்மா கருவாடு போடுவதை நிறுத்தினாள், மாடியைக் கழுவி விட்டாள். அப்புறமும் அவருக்கு நாறியது. கடைசியில் நேராகவே சொல்லிவிட்டார். மூன்றாம் வீட்டுத் தண்ணீர் தொட்டியில் சேரக்கூடாது. குழாய்க்குப் போகும் துவாரத்தை அடைத்துவிட்டு, வேறு பக்கம் ஓட்டை போட்டு மணலில் விட்டுவிடு.

கொத்தனாரைக் கூப்பிட்டால் ஏன் எதற்கு என்று ஊர் முழுக்கப் பேச்சாகும். அதனால் அப்பாவே ஏணி வைத்து ஏறினார். உடைந்த செங்கல் துண்டுகளைத் துவாரத்தில் திணித்து, சுண்ணாம்பைக் குழைத்து, கரண்டி இல்லாமல் கைவிரலாலேயே அமுக்கி அமுக்கிப் பூசினார். பிறகு கடப்பாரையால் பின்பக்கக் கைப்பிடிச் சுவரை இடித்து ஒரு ஓட்டை போட்டார். நான் கீழே நின்று என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். “குழா ஒழுவுது பாப்பா” என்றார். இறங்கி வந்து வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா அன்றைக்கு அவரோடு பேசவில்லை. நடந்தது என்ன என்பதை எனக்கு விவரம் தெரிந்த பிறகு அவள்தான் சொன்னாள்.

முதல் மழை வந்தபோது அம்மா வீட்டிலிருந்த அண்டா, குடம், குண்டான், சாதம் வடிக்கிற பானை, எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்த ஓட்டைக்கு நேர் கீழே மணலில் வைத்தாள். நனைந்துகொண்டே நின்று, ஒன்று நிரம்ப நிரம்ப அடுத்ததை நகர்த்தினாள். என்னைக் கூப்பிட்டு, கையை ஏந்திக் குடிக்கச் சொன்னாள். யாரும் ஊற்றாத தண்ணீர். மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீரில்தான் பருப்பு வெந்தது. இத்தனை வருஷம் கழித்து அவள் பார்க்க ஆசைப்பட்டது அந்த ஓட்டையைத்தான். அங்கே இருந்த காலத்தில் அவளுக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான்.

அப்பா அதைப்பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. செம்பாக்கத்தில் இந்த வீட்டைக் கட்டும்போது மட்டும், மொட்டை மாடித் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று மேஸ்திரியோடு தினமும் மல்லுக்கு நின்றார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. அவர் இறந்த பிறகுதான் அந்தச் சண்டை புரிந்தது, புரிந்தபோது சிரிப்பு வரவில்லை.

சரி, ஹாலுக்கு வருகிறேன். அந்த ஆர்க்கிடெக்ட் முதலில் தொட்டியைப் பற்றித்தான் பேசினான். கடுக்காய், வெல்லம், முட்டை என்று சுண்ணாம்புக் கலவையின் சமையல் குறிப்பைச் சொன்னான். இந்த மாதிரிக் கூட்டங்களில் அது இல்லாமல் இருக்காது. “நாம இன்னிக்கு ரெயின் வாட்டர் ஹார்வெஸ்டிங்னு பேசறோம். மூணு வீட்டு ரூஃப், ஒரே டேங்க். ஒரு கம்யூனிட்டியே தண்ணிய ஷேர் பண்ணியிருக்காங்க. ஜீனியஸ்” என்றான். கை தட்டினார்கள். ஷேர் பண்ணியிருக்கிறார்களாம்.

அடுத்து இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டான். ஒன்றில் அப்பா அடைத்த துவாரம். இன்னொன்றில் அதே இடம் சுத்தமாகத் திறந்து, புதுக் குழாய் பொருத்தி, பளபளவென்று இருந்தது. பின்பக்கத்து ஓட்டையை மூடிப் பூசி, அங்கே ஓட்டை இருந்த சுவடே இல்லாமல் செய்திருந்தார்கள். அப்போதுதான் அந்த முட்டாள் என்ற வார்த்தையைச் சொன்னான். “பாருங்க, ஒரு கரண்டி கூட இல்லாம கையாலயே அப்பியிருக்கான். விரல் பதிஞ்சது கூட அப்படியே இருக்கு. சிஸ்டத்தையே கெடுத்துட்டான்” என்றான். ஹாலில் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. முன்னால் குனிந்து திரையைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். மைக் கேட்கவில்லை, முப்பது வருஷமாக வகுப்பில் கத்துகிறவளுக்கு மைக் தேவையில்லை. அது முட்டாள் செய்த வேலை இல்லை, என் அப்பா செய்தது என்றேன். யார் சொல்லிச் செய்தார், எதற்காகச் செய்தார், அதற்கு முன்னால் அவரிடம் என்ன கேள்வி கேட்கப்பட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருந்தது.

முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் திரும்பினார். “மேடம், நாங்க ஹெரிடேஜ் பத்திக் கேக்க வந்திருக்கோம். இங்கயுமா ஜாதி?” என்றார். பல பேர் தலையாட்டினார்கள்.

“நான் கொண்டு வரல சார். அது அங்கயேதான் இருந்துச்சு, சுண்ணாம்பு போட்டுப் பூசி. இவங்க இப்பதான் பேத்து எடுத்திருக்காங்க” என்றேன்.

கூட்டத்தை நடத்திய பெண்மணி, நல்ல பகிர்வு, டீ ரெடியாக இருக்கிறது என்றார். நான் என் குடும்பத்து அவமானத்தைச் சொல்லி முடித்ததும் எனக்குக் கிடைத்தது டீயும் மேரி பிஸ்கட்டும். தொட்டுக்கூடப் பார்க்காமல் அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆட்டோ பாதி வழி வந்திருக்கும். அம்மா மெதுவாக, “வெரலு தெரிஞ்சிச்சு பாத்தியா. அந்தக் கட்ட வெரலு அவுருதுதான். நல்லாத் தெரிஞ்சிச்சு” என்றாள். அப்பாவின் போட்டோ எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதைப் பார்த்து அவள் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஆர்க்கிடெக்ட் எங்கள் வீட்டுக்கு வந்தான். அதற்கு நான் மரியாதை கொடுக்கிறேன், மற்றவர்களாக இருந்தால் வந்திருக்க மாட்டார்கள். வாசலிலேயே நின்று, “சாரிம்மா, தெரியாமப் பேசிட்டேன். மேடம், சாரி” என்றான். முகம் உண்மையாகவே வாடியிருந்தது. அம்மா உள்ளே வரச் சொல்லி உட்காரவைத்தாள்.

“அந்த சுண்ணாம்புக் கட்டி எங்க கீது தம்பி? அவுரு வெரல் பட்டுது. அத மட்டும் எனக்குக் குடுத்துடு” என்றாள்.

அவன் தரையைப் பார்த்தான். “அது ரபிளோட போயிடுச்சும்மா. லாரியில ஏத்தி அனுப்பிட்டோம்.”

இந்தப் பக்கத்தில் கட்டடக் குப்பை எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும். ஏதாவது ஏரியின் ஓரத்தில் கொட்டி, மட்டம் பண்ணி, மேலே மனை போட்டிருப்பார்கள். அப்பாவின் கைவிரல் இப்போது யாருடைய வீட்டுக்கு அடியில் கிடக்கிறதோ.

“சரி, போச்சு. அப்ப மறுபடியும் அத்த அடச்சுடு. பின்னால ஓட்டயத் தொறந்து வுட்டுடு. எப்டி இருந்துச்சோ அப்டியே வெச்சுடு” என்றாள் அம்மா.

“அது முடியாதும்மா. கட்டும்போது ஒரிஜினலா எப்படி இருந்துச்சோ, அப்படித்தான் கொண்டு வரணும். அதுதான் எங்க ரூல்.”

“எங்கப்பா அடச்சது ஒரிஜினல் இல்லையா?” என்று கேட்டேன்.

“அது லேட்டர் ஆல்டரேஷன் மேடம்” என்றான். அவன் என்னைச் சீண்டவில்லை, படித்த வார்த்தையைச் சொன்னான். வெள்ளைக்காரன் கட்டியது சரித்திரம். அதற்குள் எங்களை நடத்திய விதம் பிற்காலத்து மாற்றம், சுரண்டி எடுத்துவிட்டுப் பெயின்ட் அடித்துவிடலாம். நாளைக்கு அங்கே வருகிற பிள்ளைகள் ஒரே தொட்டியைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து மனிதர்கள் எவ்வளவு ஒற்றுமையாக வாழ்ந்திருக்கிறார்கள் என்று ஆச்சரியப்படுவார்கள். ஹெட் கீப்பருக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைத்திருக்க மாட்டான். இதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. விளக்கப் பலகையில் ஒரு வரி சேர்க்க முயற்சி பண்ணுகிறேன் என்றான். என்ன வரி என்று கேட்டேன். யோசித்துச் சொன்னான்: “‘பிற்காலத்தில் நீர்ப் பகிர்வில் சில சமூக நடைமுறைகள் நிலவின.’ இந்த மாதிரி. இதுக்கு மேல போனா அப்ரூவல் வராது மேடம்.” எட்டாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதினால் யார், யாரை, என்ன செய்தார்கள் என்று சிவப்பு மையில் கேட்பேன். அவனிடமும் கேட்டேன்.

இதுவரை அம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் என்ன எழுதப்போகிறார்கள் என்பது பற்றி அவளுக்கு அக்கறையே இல்லை. அவள் வேறொன்றை யோசித்திருக்கிறாள்.

“ஏன் தம்பி, இப்ப மழ பேஞ்சா எங்க வூட்டுத் தண்ணி எங்க போவுது?” என்றாள்.

அவன் முகம் தெளிந்தது. நல்ல சேதி சொல்ல ஒரு இடம் கிடைத்துவிட்டது. “டேங்குக்குத்தாம்மா. மூணு வீட்டுத் தண்ணியும் ஒண்ணாப் போய்ச் சேருது. இந்தத் தடவ மழையிலயே ஃபுல் ஆயிடுச்சு.”

“அத்த யாரு குடிக்கிறாங்க?”

“யாரும் குடிக்க மாட்டாங்கம்மா. வர்றவங்களுக்குக் கேன் வாட்டர் வெச்சிருக்கோம். டேங்க் தண்ணி புல்லுக்கு விடறோம்.”

அம்மா சிரித்தாள். அவன் குடித்து முடித்த காபி டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

“வீடியோக்கு நான் வர்ல தம்பி, வேற யாரையாச்சும் பாத்துக்கோ” என்றாள். “குடிக்க ஆளு இல்லாதப்பதான எங்க தண்ணியச் சேத்துக்கினீங்க.”